பிழைத்து வந்த பிள்ளைக்கு இருதயக் காவல்

புற்றுநோய் வந்தால் பிழைக்க மாட்டார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். குழந்தைக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட்டதை வாங்கிக் கொடுங்கள்" என்று டாக்டர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது.

இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர் கூடப் பிழைப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கு இது. 2030ம் ஆண்டுக்குள் உலகம் முழுவதும் 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018ல் அது ஒரு குறி வைத்தது.

நம் தென்காசிச் சீமையிலும் அப்படிப் பிழைத்து வந்த பிள்ளைகள் உண்டு. பொதிகை எக்ஸ்பிரசில் ஏறிச் சென்னை அடையாறுக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். பீடி சுற்றிய கூலியைச் சேர்த்து வைத்து, அது போதாமல் கம்மலை அடகு வைத்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரித் திண்ணையில் படுத்துக் கிடந்து, பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டு வந்தார்கள் தாய்மார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலர் காலேஜில் படிக்கிறார்கள். சிலருக்குக் கல்யாண வயது வந்துவிட்டது.

"சொகமாயிட்டுல்லா, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று பாட்டி கேட்பாள்.

பாட்டி கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அது பல வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. எட்டும்படி சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சுப்பாராவ் திறந்த வழி

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் வழி திறந்ததில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். ஆந்திரத்துப் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1923ல் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவருடைய குழு செய்த ஒரு மருந்தை, பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய், சில மாதம் பின்வாங்கியது. 1948ல் அந்தச் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தமிழ்நாட்டில் 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. தொடங்கியபோது 12 படுக்கைகள்தான். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021ல் காலமாகும்வரை டாக்டர் சாந்தா அந்த ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்தார்.

1980களில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அடையாறும், பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும், டில்லி எய்ம்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் சேர்ந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மூன்று இடத்திலும் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. பிழைக்கும் பிள்ளைகளின் தொகை ஏறியது. அந்த முறையில் இருந்த பல மருந்துகளில் ஒன்றுதான் நம் கதைக்கு முக்கியம்.

சிவப்பு மருந்து

அது சிவப்பு மருந்து. கண்ணாடிக் குழாயில் ரோஜாப்பூ சர்பத் மாதிரி தெரியும். ஏற்றிய பிறகு சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். பார்த்த தாய்மார்கள் பயந்து போயிருப்பார்கள்.

இந்த மருந்து பிறந்த இடம் மண். இத்தாலி தேசத்தில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்று சிவப்புச் சாயம் மாதிரி ஒன்றைச் சுரந்தது. மிலான் நகரத்து விஞ்ஞானிகள் அதைப் பிரித்து எடுத்தார்கள். டானோரூபிசின் என்றும், பிறகு வந்த தங்கை மருந்துக்கு டாக்ஸோரூபிசின் என்றும் பெயர். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்துகள் இவை. குற்றம் சொல்வதற்கு இல்லை.

ஆனால் இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. புற்றைக் கொல்லும்போது இருதயத் தசையையும் கொஞ்சம் கடித்துவிடும்.

நம் இருதயம் ஒரு கைப்பிடி அளவு. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளரும். இருதயத் தசை அப்படி வளர்வதில்லை. போனது போனதுதான். மீதியுள்ள தசை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். பிள்ளை ஓடும், ஆடும், வெளியே ஒன்றும் தெரியாது. பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து, சமாளித்த தசை களைத்துப் போகலாம். அப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். ராத்திரி படுத்தால் இருமல் வரும். "ஆஸ்துமா போல இருக்கிறது" என்று ஒருவர் சொல்லுவார். "சத்தில்லை" என்று இன்னொருவர் டானிக் எழுதிக் கொடுப்பார்.

அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள். 1970 முதல் 1986 வரை குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து பிழைத்த 10,397 பேரை எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்தவர்களுக்கு இருதயம் தளர்ந்து போவது 15 மடங்கு அதிகமாக இருந்தது. 2006ல் இது வெளியாயிற்று.

15 மடங்கு என்றதும் நெஞ்சில் கை வைக்க வேண்டாம். அந்த வயதில் மற்றவர்களுக்கு இந்த நோய் மிக மிக அபூர்வம். அபூர்வமான ஒன்று 15 மடங்கு ஆனாலும், பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. அன்று கொடுத்த அளவை இன்று பல சிகிச்சைகளில் குறைத்தும் விட்டார்கள். ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் காவல் வேண்டும் என்கிறோம்.

மொத்தம் எவ்வளவு சிவப்பு மருந்து ஏறியது என்பதே முதல் கணக்கு. உடம்பின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் ஆபத்து அதிகம். மார்பில் கதிர்வீச்சுக் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிகச் சின்ன வயதில் சிகிச்சை நடந்திருந்தாலும் கவனம் கூடுதலாக வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவர்கள் 2 ஆண்டுக்கு ஒரு தடவையும், நடுத்தரமாக உள்ளவர்கள் 5 ஆண்டுக்கு ஒரு தடவையும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலக நாடுகளின் டாக்டர்கள் கூடிச் சொன்ன முறை. எக்கோ என்பது ஒலி அலையால் இருதயத்தைப் படம் பார்ப்பது. ஊசி இல்லை, வலி இல்லை.

முன்னால் கண்டுபிடித்தால் என்ன லாபம்? லாபம் உண்டு. சிவப்பு மருந்து பிறந்த அதே மிலான் நகரத்தில் 2,625 பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 226 பேருக்கு இருதயம் தளர்ந்தது. உடனே இருதய மருந்து கொடுத்தார்கள். அவர்களில் 100க்கு 82 பேருக்கு ஓரளவோ முழுமையாகவோ தேறியது. 2015ல் வெளியான கணக்கு இது. அவர்கள் பெரியவர்கள், நம் பிள்ளைகள் சிறுவர்கள் என்ற வித்தியாசம் உண்டுதான். என்றாலும் சீக்கிரம் பிடித்தால் சீக்கிரம் தேறும் என்பது விளங்குகிறது அல்லவா?

விசில் ஊதுகிறவர் யார்?

குற்றாலம் பேரருவியில் ஒரு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டினால், போலீஸ்காரர் விசில் ஊதுவார். எல்லோரும் வெளியே வர வேண்டும். மலை மேலே எங்கேயோ மழை பெய்திருக்கிறது. கீழே குளிக்கிறவனுக்கு அது தெரியாது. நுரையும் சாரலும்தான் அவனுக்குத் தெரியும். மேலே வருவதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பிழைத்து வந்த பிள்ளைக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி 600 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. உள்ளூர் டாக்டருக்குப் பழைய கதை தெரியாது. இடையில் யார் விசில் ஊதுவது?

நம் கையில் இருக்கும் செல்போன் அந்த வேலையில் பாதியைச் செய்யும். பாதி என்றுதான் சொல்கிறேன். முழுவதும் செய்யும் என்று சொல்கிறவர் ஏதோ ஒரு சாமானை விற்க வந்தவராக இருப்பார்.

முதல் காரியம், சிகிச்சைக் குறிப்பு. என்ன நோய், எந்த ஆண்டு, எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா, எந்த இடத்தில், எத்தனை நாள் என்ற விவரம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கம் இல்லாமல் எந்த இருதய டாக்டரும் குருடன் யானையைத் தடவின மாதிரிதான் பார்க்க முடியும். வீடுகளில் என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. கரையான் அரித்தது போக மீதி இருக்கும். வீடு மாறும்போது அதுவும் போகும்.

அமெரிக்காவில் "பாஸ்போர்ட் ஃபார் கேர்" என்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் "சர்வைவர்ஷிப் பாஸ்போர்ட்" என்று ஒன்று உண்டு. பிழைத்த பிள்ளையின் முழுக் கதையும் அதில் இருக்கும். இன்னின்ன ஆண்டில் இன்னின்ன பரிசோதனை என்று அதுவே சொல்லும். வெளிநாடு போகிறவனுக்குப் பாஸ்போர்ட் எப்படியோ, அப்படி இது. நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆபா என்ற 14 இலக்க எண் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக் காகிதங்களை அதோடு சேர்த்து வைக்கலாம். விருப்பப்பட்டவர் வாங்கலாம், கட்டாயம் இல்லை. அது வேண்டாம் என்றால், காகிதத்தைச் செல்போனில் படம் பிடித்து, இரண்டு பேர் போனில் வைத்துக்கொண்டாலும் போதும். ஒரு போன் அருவியில் விழுந்தாலும் இன்னொன்று இருக்கும்.

ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி?

இரண்டாவது, ரத்தக் கொதிப்புக் கருவி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் சிவப்பு மருந்து ஏறிய இருதயத்துக்கு ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் கேடு கூட்டலாக வருவதில்லை, பெருக்கலாக வருகிறது. களைத்த மாட்டுக்கு மேட்டு வண்டி மாதிரி. ரத்தக் கொதிப்பு இளவயதில் வராது என்று நினைக்க வேண்டாம். வந்தாலும் தெரியாது. தலைசுற்றல், தலைவலி எதுவும் இல்லாமலே வருஷக்கணக்கில் இருக்கும்.

முழங்கைக்கு மேலே பட்டை கட்டிப் பார்க்கும் தானியங்கிக் கருவி நல்லது. மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு சரியாக இராது. பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும். அப்பாவின் பட்டையை மெலிந்த பிள்ளைக்குக் கட்டினால் தப்புக் கணக்குக் காட்டும்.

காப்பி குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கையை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். பேசக் கூடாது. டெலிவிஷனில் சீரியல் ஓடக் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் தேதி போட்டுக் குறிக்க வேண்டும். சில கருவிகள் தாமாகவே செல்போனுக்கு அனுப்பிவிடும். அனுப்பாவிட்டால் காலண்டரில் எழுதுங்கள். காலண்டரும் நல்ல கருவிதான்.

வளர்ந்த பிள்ளைக்கு 130க்கு 80 என்ற எண்ணைத் தாண்டி அடிக்கடி காட்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு வயதுக்கும் உயரத்துக்கும் தகுந்தபடி எல்லை மாறும். அதை டாக்டரே சொல்ல வேண்டும். ஒரு நாள் கூடக் காட்டியதற்காக ராத்திரியோடு ராத்திரி ஓட வேண்டியதில்லை.

எடை பார்க்கும் மிஷினும் உதவும். ஏற்கனவே இருதயம் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோறு இல்லை, உடம்பில் தங்கிய நீர். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரத்தின் எல்லை

இப்போது நாடித் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் வந்திருக்கிறது. தென்காசிக் கடைகளிலும் கிடைக்கிறது. இளைஞர்களுக்கு அதில் மோகம். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து கட்டிக்கொள்ள வேண்டும்.

நடந்த அடிகளை எண்ணும். துடிப்பை எண்ணும். சில கடிகாரங்கள் துடிப்பின் தாளம் தப்பினால் எச்சரிக்கும். 2019ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் அப்படிக் கடிகாரம் கட்டிக்கொண்டார்கள். 200 பேருக்கு ஒருவர் வீதம் எச்சரிக்கை வந்தது. தாளம் தப்புவதைப் பிடிக்க அது உதவும். ஆனால் இருதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்பதை அது அளக்காது. சிவப்பு மருந்து முதலில் கெடுப்பது அந்த இறைக்கும் பலத்தைத்தான். அதைப் பார்க்க எக்கோதான் வேண்டும். "வாட்சில் எல்லாம் நார்மல்" என்று சொல்லி எக்கோவைத் தள்ளிப் போடுகிற பையனுக்கு அந்த வாட்ச் நண்பன் இல்லை.

புது ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. சாதாரண இ.சி.ஜி. படத்தைக் கம்ப்யூட்டர் படித்து, இறைக்கும் பலம் குறைந்திருப்பதைச் சொல்லுமா என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களின் இ.சி.ஜி.யை வைத்து அங்கே இதைச் சோதித்து 2021ல் எழுதினார்கள். இது கைகூடினால் நம் போன்ற ஊர்களுக்குத்தான் பெரிய லாபம். எக்கோ எடுக்கத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இல்லை. இ.சி.ஜி. மிஷின் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. இன்றைக்கு அது ஆராய்ச்சி நிலையில் உள்ள சங்கதி. நாளைக்கு வரும்.

தூரத்து டாக்டரிடம் படத்தை அனுப்பிக் கேட்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. மாரடைப்பு வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஸ்டெமி திட்டம் என்று ஒன்று நடத்திப் பார்த்தார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யைக் கருவி மூலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து யோசனை வந்தது. 2017ல் அதன் பலனை வெளியிட்டார்கள். கொரோனா வந்த 2020ல் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வழியும் வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். மாரடைப்புக்கு முடிந்தது, காய்ச்சலுக்கு முடிந்தது. அடையாறு டாக்டரும் தென்காசி டாக்டரும் ஒரே திரையில் ஒரு பிள்ளையின் எக்கோவைப் பார்ப்பது மட்டும் முடியாதா? ஓர் இரவு ரயில், ஒரு பகல் காத்திருப்பு, மறுபடி ஓர் இரவு ரயில், இரண்டு நாள் கூலி நஷ்டம் எல்லாம் மிச்சம்.

மத்தளம்பாறையில் ஒரு கேள்வி

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் 2011 முதல் ஸோகோ கம்பெனி இயங்குகிறது. உலகம் முழுவதும் விற்கும் மென்பொருளை வயலுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர். இது நமக்குப் பெருமை.

அப்படியானால் நான் கேட்கிறேன். புற்றுநோயிலிருந்து பிழைத்த பிள்ளைக்கு எளிய தமிழில் ஒரு செயலி எழுத நம்மால் முடியாதா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கும் புரிய வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்குக் குரலில் சொல்ல வேண்டும். "இந்த ஆண்டு எக்கோ எடுக்க வேண்டும்" என்று ஞாபகப்படுத்த வேண்டும். "மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா?" என்று கேட்க வேண்டும். இன்று கிடைக்கும் ஆரோக்கியச் செயலிகளில் பல இங்கிலீஷில் இருக்கின்றன. சிலவற்றில் தமிழ் இருக்கிறது. ஆனால் அது தமிழனுக்கே புரியாத தமிழ்.

செயலி எழுதுவது சுலபம். அதற்குள் என்ன எழுத வேண்டும் என்று சொல்லுவது டாக்டர்களின் வேலை. பிறகு யார் பார்க்கிறார்கள் என்று பூட்டுப் போடுவது சட்டத்தின் வேலை. 2023ல் தனிப்பட்ட தகவல்களைக் காக்கப் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. நல்லது. பெண்ணின் பழைய நோய் விவரம் கல்யாணத் தரகருக்கோ, வேலை கொடுக்கும் முதலாளிக்கோ போகக் கூடாது. போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் தாய் அந்தச் செயலியில் பிள்ளையின் பெயரை எழுதுவாள்.

மறைப்பதால் வரும் வினை

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதை மறைக்கிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் கட்டாயம் மறைக்கிறோம். சில வீடுகளில் அந்தப் பெண்ணுக்கே சொல்வதில்லை. "சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு" என்பதோடு சரி. ஊர் வாய்க்குப் பயந்து செய்வது இது. அந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஊர் வாய் அப்படி இருக்கிறது.

ஆனால் கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. இருதயத்துக்கு வேலை அதிகம். சிவப்பு மருந்து ஏறிய பெண், கர்ப்பத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலோ எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் நிம்மதி. பெரும்பாலோருக்குச் சரியாகவே இருக்கும். இல்லாவிட்டால் பிரசவம் வரை இருதய டாக்டரும் கூடவே பார்த்துக்கொள்வார். பெண்ணுக்கே விஷயம் தெரியாவிட்டால் பிரசவ டாக்டருக்கு யார் சொல்லுவது? ஊருக்குச் சொல்ல வேண்டாம். பெண்ணுக்கும் டாக்டருக்கும் சொல்லியே ஆக வேண்டும். பதினைந்து பதினாறு வயது வந்ததும் தாய் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு இன்ன நோய் வந்தது, நீ அதை ஜெயித்து வந்தவள்" என்று சொல்லலாம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் 1991லேயே சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். 2009ல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் பிழைத்த பிள்ளைகளே சேர்ந்து "உகம்" என்ற அமைப்பை நடத்தத் தொடங்கினார்கள். அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. மேடை ஏறிப் பேசுகிறார்கள்.

சர்க்கார் செய்யக் கூடியது

2021 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. பெண் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். 2024ல் ஐக்கிய நாடுகளின் விருதும் அதற்குக் கிடைத்தது. அது முக்கியமாகப் பெரியவர்களுக்காக ஏற்பட்டது. வீட்டுக்கு வருகிற அந்தத் தொண்டரின் பட்டியலில் ஒரே ஒரு கேள்வியைக் கூட்டினால் போதும்: "இந்த வீட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பிள்ளை உண்டா?" உண்டு என்றால், வருஷத்துக்குச் சில தடவை ரத்த அழுத்தம் பார்த்து எழுதலாம். எக்கோ எடுத்தாயிற்றா என்று கேட்கலாம். இதற்குப் புதிய இலாகா வேண்டாம். புதிய கட்டிடம் வேண்டாம்.

எக்கோவுக்குத் திருநெல்வேலிக்குப் போய் வர பஸ் செலவும் சிலருக்குப் பாரம்தான். சிகிச்சை நடக்கும்போது கிடைக்கும் உதவி, சிகிச்சை முடிந்ததும் நின்றுவிடக் கூடாது. பிள்ளையைக் காப்பாற்ற லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, பிறகு சில நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பது என்ன சிக்கனம்?

ஓட விடுங்கள்

கடைசியாக இன்னொன்று. நோய் வந்த பிள்ளை என்று சொல்லிப் பொத்தி வைக்கிறார்கள். விளையாட விடுவதில்லை. சோற்றுக்கு மேல் சோறு போடுகிறார்கள். இது தப்பு. டாக்டர் தடுக்காத வரையில் பிள்ளை ஓட வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும். பண்பொழி திருமலைக் கோயில் படிகளை ஏறட்டும். போன வருஷம் நிற்காமல் ஏறியவன் இந்த வருஷம் பாதியில் உட்காருகிறான் என்றால், அது எந்த வாட்சும் சொல்லாத செய்தி. பளு தூக்கும் பயிற்சிக்குப் போக விரும்பினால் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பீடி, சிகரெட் கூடவே கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு தினமும் வேண்டாம். எல்லைப் பக்கத்துப் பரோட்டாவும் சால்னாவும் ருசிதான், மறுக்கவில்லை. சீசனுக்கு ஒரு நாள் போதும். இருதயம் தளர்ந்தது என்று சொல்லப்பட்ட பிள்ளை சில்லென்ற அருவித் தண்ணீரில் திடீரென்று தலையைக் கொடுப்பதும் சரியில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு குளிக்கட்டும்.

பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் கிடைக்காதவர்கள், சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதலாம். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பதிவு எண், சேர்த்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, "சிகிச்சைச் சுருக்கம் வேண்டும், சிவப்பு மருந்தின் மொத்த அளவைக் குறிப்பிட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பதிவு எண் மறந்து போயிருந்தால் பெயரும் ஆண்டும் எழுதித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் முதலில் செல்போனில் ஒரு படம் பிடித்துவிட்டு, பிறகு காகிதத்தை உள்ளூர் டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.